பேட்டரிக் கட்டை முதல் மடிக்கணினி வரை

"லேப்டாப்புல சார்ஜ் நிக்கறதே இல்லீங்க" என்ற புலம்பலை இப்போது சத்தியில் எந்தத் திண்ணையில் உட்கார்ந்தாலும் கேட்கலாம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன மடிக்கணினி நம் வயதுக்காரர்கள் பலரிடம் இருக்கிறது. பேரன் பேத்தி முகத்தைப் பார்க்க, பழைய பாட்டுக் கேட்க, பட்டா சிட்டா எடுக்க அதுதான் துணை. வாங்கிய புதிதில் நாலு மணி நேரம் ஓடியது இரண்டு வருடத்தில் ஒரு மணி நேரமாகிவிடுகிறது. பேத்தி பேசிக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்துப் போகிறது.

உடனே ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். ஒருவர், "சுத்தமா தீர்ற வரைக்கும் ஓட்டீட்டு அப்புறம் சார்ஜ் போடுங்க" என்பார். இன்னொருவர், "எந்நேரமும் ஒயரைச் சொருகியே வையுங்க" என்பார். மூன்றாமவர், "ராத்திரி பூரா சார்ஜுல கிடக்கட்டும்" என்பார். இவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. இந்த வைத்தியம் ஒவ்வொன்றும் ஒரு காலத்தில், ஒரு வகை பேட்டரிக்குச் சரியாக இருந்ததுதான். பேட்டரி மாறிவிட்டது, வைத்தியம் மட்டும் வாய்வழியாகத் தொடர்கிறது. மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் சொல்லிக் கொடுத்துக் காலம் தள்ளியவன் என்பதால், இந்த வைத்தியங்கள் எங்கிருந்து வந்தன என்ற வரலாற்றை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

முதலில் பேட்டரிக் கட்டை. டார்ச் லைட்டை நம் பக்கம் பேட்டரி லைட் என்போம், அதற்குள் போடும் செல்லைக் கட்டை என்போம். 1800-ல் இத்தாலியின் வோல்டா முதல் மின்கல அடுக்கைச் செய்து காட்டினார். 1866-ல் பிரான்சின் லெக்லாஞ்சி, துத்தநாகம், கரித்தண்டு, மாங்கனீஸ் டை ஆக்சைடு, நவச்சாரக் கரைசல் ஆகியவற்றை வைத்து ஒரு மின்கலம் செய்தார். பழைய பள்ளி ஆய்வகங்களில் கண்ணாடி ஜாடியில் நீங்கள் பார்த்திருப்பது அதுதான். அந்தக் கரைசலைச் சிந்தாத பசையாக்கி, துத்தநாகக் குவளைக்குள் அடைத்து, 1886-ல் உலர் மின்கலமாக்கியவர் ஜெர்மனியின் காஸ்னர். எவரெடி கட்டை என்று நாம் கடையில் கேட்டு வாங்கியது இதன் வாரிசு. சென்னை திருவொற்றியூரிலேயே அதற்குத் தொழிற்சாலை இருந்தது.

கொங்கு நாட்டுக்கும் இந்தக் கட்டைக்கும் ஒரு பெருமையான உறவு உண்டு. கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடு அவர்களின் பெயரைச் சொன்னால் பேருந்தும் மோட்டாரும்தான் நினைவுக்கு வரும். அவர் உருவாக்கிய 'ரசாந்த்' என்ற சவரக் கருவி, உலர் மின்கலத்தில் ஓடும் குட்டி மோட்டார் பொருத்தியது. ஜெர்மனியில் ஹைல்பிரான் நகரில் தயாரானது. சுவர் மின்சாரம் எல்லார் வீட்டுக்கும் வராத காலத்திலேயே, கையில் எடுத்துப் போகும் கருவிக்குக் கட்டை மின்சாரம் போதும் என்று கணக்குப் போட்டவர் அவர்.

1932-ல் பைக்காரா மின்சாரம் வந்து கோவையில் மில்கள் பெருகின. ஆனால் நகரத்துக்கு வந்த மின்சாரம் மலையடிவாரத்துக்கும் மலைக்கும் வர வெகுகாலம் ஆனது. பவானிசாகர் அணை 1955-ல் கட்டி முடிந்த பிறகும், கடம்பூர், தாளவாடிப் பக்கம் பல வீடுகளில் இரவு வெளிச்சம் என்றால் சீமெண்ணெய் விளக்கும் பேட்டரி லைட்டும்தான். காட்டோரத்துக்காரனுக்குப் பேட்டரி லைட் ஆடம்பரமில்லை. யானை நிற்கிறதா, வரப்பில் பாம்பு கிடக்கிறதா என்று பார்க்க அது இல்லாமல் முடியாது. 2000-ல் தொட்டகாஜனூரிலிருந்து நடிகர் ராஜ்குமார் கடத்தப்பட்டு 108 நாள் காட்டில் இருந்தாரே, அப்போது இரண்டு மாநில அரசுகளையும் ஆட்டி வைத்த கேசட்டுகள் பதிவானதும் கட்டையில்தான் இருக்க வேண்டும். காட்டுக்குள் வேறு மின்சாரம் ஏது?

டிரான்சிஸ்டர் ரேடியோ வந்ததும் கட்டைச் செலவு கூடியது. திருச்சி வானொலியும் இலங்கை வானொலியும் கேட்கும் வீட்டில் மாதக் கடைசியில் கட்டை தீர்ந்துவிடும். புதுக் கட்டை சம்பளத்துக்குப் பிறகுதான். அதற்குள் என்ன செய்வது? கட்டையை எடுத்துக் கூரை ஓட்டின் மேல் வெயிலில் காய வைப்போம். மறுநாள் ரேடியோ அரை மணி நேரமாவது பாடும். வெயிலும் போதாமல் போனால், பையன்கள் கட்டையின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு உப்புத் தண்ணீரில் ஊற வைப்பார்கள்.

இது மூடநம்பிக்கை அல்ல. கட்டை வேலை செய்யும்போது கரித்தண்டைச் சுற்றி ஹைட்ரஜன் சேர்ந்து மின்னோட்டத்தைத் தடுக்கும். மாங்கனீஸ் டை ஆக்சைடு அதை மெதுவாக அப்புறப்படுத்தும். ஓய்வு கொடுத்தால் அந்த வேலை நடக்க நேரம் கிடைக்கிறது. வெயிலின் சூடு அதை வேகப்படுத்துகிறது. பசை உலர்ந்து போன கட்டைக்கு உப்புத் தண்ணீர் கொஞ்சம் உயிர் கொடுக்கும். ஆகவே முதல் வைத்தியம்: வெயில் காட்டு, ஓட்டை போடு.

இரண்டாவது, லாரி பேட்டரி. 1859-ல் பிரான்சின் பிளாந்தே கண்டுபிடித்த ஈய-அமில பேட்டரி. ஒருமுறை தீர்ந்தால் தூக்கி எறிய வேண்டாம், திரும்பச் சார்ஜ் ஏற்றலாம் என்ற வசதி இதில்தான் முதலில் வந்தது. திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கும் லாரிக்காரர்களுக்கு இதன் நாடி அத்துப்படி. டிஸ்டில்டு வாட்டர் அளவு பார்த்து ஊற்ற வேண்டும். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தினால் பேட்டரி செத்துவிடும். காரணம், சார்ஜ் குறைந்த நிலையில் கிடந்தால் ஈயத் தகடுகளில் வெள்ளையாக சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும். அதனால் எப்போதும் முழு சார்ஜில் வைத்திரு என்பது இதன் விதி.

இந்த விதி வீட்டுக்குள் நுழைந்தது இன்வெர்ட்டரோடு. 2008-ல் தொடங்கிய மின்வெட்டு 2012-ல் உச்சத்துக்குப் போனதை யாரும் மறந்திருக்க மாட்டோம். கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் இருக்காது. தறியும் பட்டறையும் நின்றன. பம்புசெட் செய்கிறவர்கள் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றியே நொந்து போனார்கள். வசதி இருந்த வீடுகளில் மாடிப்படிக்கடியில் பெரிய பேட்டரி உட்கார்ந்தது. அதை எந்நேரமும் மின்சாரத்தோடு சேர்த்தே வைத்தோம், அதுதான் சரியும் கூட. இரண்டாவது வைத்தியம்: சொருகியே வை.

மூன்றாவது, நிக்கல் காட்மியம். 1899-ல் ஸ்வீடனின் யுங்னர் செய்தது. நமக்கு இது எமர்ஜென்சி லைட்டிலும், கம்பியில்லாத் தொலைபேசியிலும் வந்து சேர்ந்தது. ஆரம்ப கால மடிக்கணினிகளிலும் இதுதான். இதற்கு ஒரு வினோதப் பழக்கம் உண்டு. பாதி தீர்ந்ததும் பாதி தீர்ந்ததும் சார்ஜ் போட்டுக்கொண்டே இருந்தால், அந்தப் பாதியையே தன் எல்லையாக எடுத்துக்கொள்ளும். இதை நினைவு விளைவு என்பார்கள். இதைப் போக்க அவ்வப்போது முழுதும் தீர்த்துவிட்டுச் சார்ஜ் ஏற்ற வேண்டும். செல்போன் வந்த புதிதில் கடைக்காரர், "மொதத் தடவை எட்டு மணி நேரம் சார்ஜ் போடுங்க, தீர்ந்தப்புறம் திரும்பப் போடுங்க" என்று சொன்னது இந்த நிக்கல் குடும்பத்துப் பாடம்தான். மூன்றாவது வைத்தியம்: முழுக்கத் தீர்த்துப் போடு.

இப்போது நம் மடிக்கணினிக்குள் இருப்பது இந்த மூன்றும் அல்ல. லித்தியம் அயனி. 1970-களில் விட்டிங்காம் தொடங்கி வைத்தார். 1980-ல் ஆக்ஸ்ஃபோர்டில் குட்இனஃப், கோபால்ட் ஆக்சைடைக் கொண்டு அதன் மின்னழுத்தத்தை உயர்த்தினார். 1985-ல் ஜப்பானின் யோஷினோ, பாதுகாப்பாகப் பயன்படுத்தும் வடிவத்துக்குக் கொண்டு வந்தார். 1991-ல் சோனி நிறுவனம் சந்தையில் விட்டது. மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. குட்இனஃபுக்கு அப்போது வயது 97. நோபல் பெற்றவர்களிலேயே மூத்தவர் அவர்தான். ஓய்வு பெற்ற நம்மைப் போன்றவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி.

நம் தமிழ்நாட்டுக்கும் இதில் பங்குண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-ல் திறப்பு விழா. பேட்டரி ஆராய்ச்சிக்கென்றே பெயர் பெற்ற இடம் அது. அங்கே உருவான லித்தியம் பேட்டரித் தொழில்நுட்பத்தைத் தனியார் நிறுவனம் ஒன்றுக்குத் தர 2018-ல் ஒப்பந்தமும் ஆனது. இருந்தாலும் நம் கைக்கு வரும் மடிக்கணினிகளின் செல்கள் பெரும்பாலும் கிழக்காசிய நாடுகளிலிருந்துதான் வருகின்றன.

லித்தியத்துக்கு நினைவு விளைவு கிடையாது. அதற்கு இரண்டு பகைவர்கள். ஒன்று வெப்பம். இன்னொன்று இரண்டு ஓரங்கள், அதாவது நூறு சதவீதமும் பூஜ்யமும். முழு சார்ஜோடு 40 டிகிரி சூட்டில் ஒரு வருடம் கிடந்தால் கொள்ளளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அதே பேட்டரி 40 சதவீத சார்ஜோடு 25 டிகிரியில் இருந்தால் சில சதவீதம்தான் குறையும். இப்போது நம் மூன்று வைத்தியங்களையும் இதன் மேல் வைத்துப் பாருங்கள். வெயிலில் காட்டினால் சூடு. சொருகியே வைத்தால் எந்நேரமும் நூறு. தீர்த்துத் தீர்த்துப் போட்டால் ஒவ்வொரு முறையும் பூஜ்யம். மூன்றும் கெடுதல். ஆணி ஓட்டையோ, நேராகத் தீ.

தீ என்பது மிகையல்ல. 2006-ல் சோனி செல்கள் பொருத்திய 41 லட்சம் மடிக்கணினி பேட்டரிகளை டெல் நிறுவனம் திரும்பப் பெற்றது. மறு வருடம் பி.எல்-5சி என்ற 4 கோடியே 60 லட்சம் செல்போன் பேட்டரிகளைப் பற்றி நோக்கியா எச்சரிக்கை விட்டபோது, பேட்டரியைக் கழற்றி எண்ணைப் படித்துக்கொண்டு சேவை மையங்களில் கூட்டம் நின்றது பலருக்கு நினைவிருக்கும்.

இந்தப் பழைய வைத்தியங்கள் யாரைப் பாதித்தன என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். 15.9.2011 அன்று மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. பிற்பாடு 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்த திட்டம் அது. மின்வெட்டு உச்சத்தில் இருந்த அதே சமயம்தான் பிள்ளைகள் கையில் மடிக்கணினி வந்தது. மின்சாரம் இல்லாத வீட்டில் பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவு நேரம்தான் படிப்பு.

கடம்பூர் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த ஒரு மாணவி. அவள் குடும்பத்தில் பள்ளி இறுதி தாண்டிய முதல் பிள்ளை. கல்லூரியில் சேர்ந்து ஒரு வருடத்துக்குள் மடிக்கணினி நாற்பது நிமிடத்தில் அணைய ஆரம்பித்தது. லீவுக்கு ஊருக்குப் போனால் மலையில் மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. "சார், இதை வித்துட்டு வேற ஏதாச்சும் செலவுக்கு ஆகட்டும்னு அப்பா சொல்றாருங்க" என்று கொண்டு வந்து நீட்டினாள்.

நான் முதலில் கேட்டது, வீட்டில் இதை எங்கே வைக்கிறாய் என்று. எலிக்கும் தம்பி தங்கைகளுக்கும் பயந்து பரண் மேல் வைத்திருந்தார்கள். பரணுக்கு நேர் கீழே விறகு அடுப்பு. காலையும் மாலையும் சூடும் புகையும் ஏறியிருக்கின்றன. லாரி ஓட்டும் மாமா சொன்னபடி மின்சாரம் இருக்கும்போதெல்லாம் சொருகியே வைத்திருக்கிறார்கள். கடைக்காரர் சொன்னபடி மற்ற நேரத்தில் அணையும் வரை ஓட்டியிருக்கிறார்கள். திரை வெளிச்சம் முழு அளவில் இருந்தது. காற்று போகும் சல்லடைத் துளையில் கரியும் நூலாம்படையும்.

பேட்டரி இழந்த கொள்ளளவு திரும்ப வராது, அதை அவளிடம் சொல்லிவிட்டேன். ஆனால் மீதியை வைத்து ஒப்பேற்றலாம். காற்றுத் துளையைச் சுத்தம் செய்தோம். வெளிச்சத்தைப் பாதிக்கும் கீழே இறக்கினோம். படிக்கும் பக்கத்தைத் தவிர மற்றதையெல்லாம் மூடச் சொன்னேன். பரணிலிருந்து தகரப் பெட்டிக்கு, அடுப்பில்லாத மூலைக்கு மாற்றச் சொன்னேன். நாற்பது நிமிடம் ஒன்றே கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. விற்காமல் படிப்பை முடித்தாள். இன்றைக்கு வேலையில் இருக்கிறாள். பெயர் வேண்டாம்.

இனி உங்கள் மடிக்கணினிக்கு வருவோம். சார்ஜ் நிற்கவில்லை என்றால் காரணம் மூன்றில் ஒன்று. மாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் சீக்கிரம் தீர்ந்தால், எங்கோ குழாய் திறந்திருக்க வேண்டும், அல்லது தொட்டியில் வண்டல் சேர்ந்து கொள்ளளவு குறைந்திருக்க வேண்டும், அல்லது அளவு காட்டும் மிதவை பொய் சொல்ல வேண்டும்.

வண்டலைத்தான் முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதற்குக் கணக்கு இருக்கிறது. விண்டோஸ் கணினியில் கமாண்ட் பிராம்ப்ட் என்ற கறுப்புச் சாளரத்தைத் திறந்து, ஆங்கிலத்தில் பவர் என்ற சொல்லோடு சி, எஃப், ஜி எழுத்துகளைச் சேர்த்து எழுதி, ஒரு இடம் விட்டு, சாய்கோடு போட்டு, பேட்டரி ரிப்போர்ட் என்ற இரண்டு சொற்களையும் ஒட்டி எழுதுங்கள். என்டர் தட்டினால் ஒரு அறிக்கை உருவாகி, அது எங்கே இருக்கிறது என்றும் காட்டும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஒரு நிமிட வேலை. அதில் இரண்டு எண்கள் முக்கியம். ஒன்று டிசைன் கெபாசிட்டி, பிறந்தபோது இருந்த கொள்ளளவு. மற்றது ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி, இன்றைய கொள்ளளவு. உதாரணமாக முதல் எண் 40,000, இரண்டாவது 20,000 என்றால் பாதித் தொட்டி வண்டல். கணினி மணிக்கு 10,000 செலவழித்தால், அன்று நாலு மணி நேரம் ஓடியது இன்று இரண்டு மணி நேரம்தான் ஓடும். 300 முதல் 500 முறை முழுதாகத் தீர்ந்து ஏறினால் 80 சதவீதத்துக்கு இறங்குவது இயற்கை. பாதிக்கும் கீழே போயிருந்தால் பேட்டரியை மாற்றுவதுதான் வழி. எண்கள் நெருக்கமாக இருந்தால், யார் சொன்னாலும் புதுப் பேட்டரி வாங்காதீர்கள். குழாய்தான் திறந்திருக்கிறது.

குழாய்களில் பெரியது திரை வெளிச்சம். அடுத்தது பிரவுசரில் திறந்தபடியே கிடக்கும் பக்கங்களும் வீடியோவும். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் எந்த நிரல் அதிகம் உழைக்கிறது என்று பட்டியல் வரும். தேவையில்லாததை மூடலாம். மடித்து வைத்தால் அணைந்துவிட்டது என்று அர்த்தமில்லை, பல கணினிகள் மூடிய நிலையிலும் உள்ளுக்குள் விழித்திருக்கும். இரவில் ஷட் டவுன் கொடுத்துவிடுங்கள். மெத்தை மேலும் தலையணை மேலும் வைத்து ஓட்டினால் காற்று போகாது. மிதவை பொய் சொல்கிறது, அதாவது 30 சதவீதம் காட்டும்போதே திடீரென்று அணைகிறது என்றால், ஒரே ஒருமுறை முழுக்க ஏற்றி, தானாக அணையும் வரை ஓட்டி, திரும்ப ஏற்றினால் அளவு ஓரளவு சீராகும். தீர்த்துப் போடும் பழைய வைத்தியத்துக்கு இன்று மிச்சமிருக்கும் இடம் இது ஒன்றுதான், அதுவும் வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை.

எந்நேரமும் மேசை மேல் வைத்துச் சொருகியே பயன்படுத்துகிறவர்கள், சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி அமைப்புகளில் இருக்கிறதா என்று பாருங்கள். இப்போதைய பல மடிக்கணினிகளில் உண்டு. பிள்ளைகள் வீட்டுக்கு மூன்று மாதம் போகிறீர்களா, பாதி சார்ஜோடு அணைத்து, குளிர்ச்சியான இடத்தில் வைத்துவிட்டுப் போங்கள்.

கடைசியாக ஒன்று. கணினியின் அடிப்பக்கம் உப்பியிருந்தாலோ, மவுஸ் தடவும் பட்டை மேலே எழும்பியிருந்தாலோ, பேட்டரி வீங்கியிருக்கிறது. உடனே அணைத்துச் சார்ஜரைப் பிடுங்குங்கள். அமுக்கிப் பார்க்காதீர்கள், குத்தாதீர்கள், குப்பையிலோ பழைய இரும்புக் கடையிலோ போடாதீர்கள். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரியைச் சேகரித்து மறுசுழற்சி செய்ய வைக்கும் பொறுப்பு தயாரிப்பாளரைச் சேர்ந்தது. பழுது பார்க்கும் கடையிலோ மின்கழிவு வாங்கும் இடத்திலோ கொடுத்துவிடுங்கள். சின்ன வயதில் ஆணி எடுத்துக் கட்டையில் ஓட்டை போட்ட கை நமக்கு. பேரப்பிள்ளைகள் முன்னால் அந்த வித்தையை மட்டும் காட்ட வேண்டாம்.